ஏரின்னு அடிச்சா ஒண்ணும் வரல: யுனிவர்சிட்டி லைப்ரரில நான் கத்துக்கிட்டது

நான் பிஎச்டிக்கு ரெஜிஸ்டர் பண்ணது 2019ல. டாபிக், செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளோட வரலாறு. எங்க ஊரு மதுராந்தகத்துக்குப் பக்கம், ஏரிக்கரை மேலயே நடந்து ஸ்கூலுக்குப் போன ஆளு, அதனால இந்த டாபிக்கை நானே கேட்டு வாங்கினேன். சேர்ந்த ரெண்டாவது வாரமே எங்க யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போயி, உள்ள நுழைஞ்சதும் இருக்குற கம்ப்யூட்டர்ல, ஓபேக்குன்னு சொல்வாங்களே அந்த கேட்டலாக், அதுல தமிழ்லயே ‘ஏரி’ன்னு அடிச்சேன். ஒண்ணும் வரல. ‘ஏரிகள்’னு அடிச்சேன், வரல. ஊர்க்காரங்களே சேர்ந்து ஏரியைப் பராமரிக்கிற ‘குடிமராமத்து’ன்னு அடிச்சேன், அதுவும் வரல. சரி, நம்ம சப்ஜெக்டுக்கு இங்க எதுவும் இல்ல போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

அந்த ஒரு முடிவுல ஆறு மாசம் போச்சு. தினமும் லைப்ரரிக்குப் போவேன், ஆனா படிச்சது எல்லாம் வெளியில ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்த பேப்பரும், கைடு குடுத்த நாலு புத்தகமும்தான். பையை வாசல்ல குடுத்து டோக்கன் வாங்குவேன், ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடுவேன், ரீடிங் ஹால்ல ஃபேனுக்கு கீழ ஒரு இடம் பாத்து உக்காருவேன், சாயங்காலம் எந்திரிச்சு போவேன். மேல ரெண்டு மாடி முழுக்க ரேக்கு ரேக்கா புத்தகம் இருக்கு, ஒரு தடவை கூட ஏறிப் பாக்கல. எங்க வீட்ல காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான், ஊர்ல நூலகம்னா பேப்பர் படிக்கிற இடம், அங்க போயி யாருகிட்டயும் எதுவும் கேட்டுப் பழக்கம் இல்ல, இங்கயும் கேக்கத் தோணல.

ரெஃபரன்ஸ் செக்ஷன்ல ஒரு மேடம் இருந்தாங்க, அசிஸ்டன்ட் லைப்ரரியன். 2020 ஜனவரில ஒருநாள் அவங்களாவே என் டேபிள்கிட்ட வந்து நின்னாங்க.

“தினமும் வர்றியேம்மா, ஒரு புக்கு கூட எடுத்து நான் பாத்ததே இல்லையே?”

“என் டாபிக்ல இங்க எதுவும் இல்லீங்க மேடம்.”

“யாரு சொன்னா?”

கையோட கூட்டிட்டுப் போயி அவங்க சீட்டுக்குப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. தமிழ்ல அடிக்கல. ஆங்கில எழுத்துல இ, ஆர், ஐ-ன்னு அடிச்சாங்க, ஏழெட்டு வந்துச்சு. முன்னாடி ஒரு ஒய் சேர்த்து அடிச்சாங்க, வேற ரெண்டு வந்துச்சு. அப்புறம் டேங்க் இரிகேஷன்னு அடிச்சாங்க, ஸ்க்ரீன் நிறைஞ்சு ரெண்டாவது பக்கத்துக்குப் போச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ஆறு மாசமா நான் உக்காந்திருந்த நாற்காலிக்கு நேர் மேல ரெண்டாவது மாடில இதெல்லாம் இருந்திருக்கு.

காரணத்தையும் அன்னைக்கு அவங்களே விளக்கினாங்க, தமிழ்ல ஆராய்ச்சி பண்றவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்னு இப்பவும் நம்புறேன். பழைய கார்டு கேட்டலாக்கை கம்ப்யூட்டர்ல ஏத்தின சமயத்துல தமிழ் ஃபான்ட் ஒவ்வொரு எடத்துல ஒவ்வொண்ணா இருந்துச்சு, யூனிகோடு பழக்கத்துக்கு வரல, அதனால தமிழ்ப் புத்தகத் தலைப்பை எல்லாம் ஆங்கில எழுத்துல அடிச்சு ஏத்திட்டாங்க, அதையும் அடிச்சவங்க எல்லாரும் ஒரே மாதிரி அடிக்கல. ழகரத்துக்கு ஒருத்தர் இசட் எச் போட்டிருப்பார், இன்னொருத்தர் வெறும் எல், அகாடமிக்கா அடிக்கணும்னு நினைச்ச ஒருத்தர் எல்லுக்குக் கீழ கோடு போட்டிருப்பார். குடிமராமத்துங்கிற ஒரு வார்த்தை மட்டும் எங்க கேட்டலாக்ல நாலு ஸ்பெல்லிங்ல இருந்துச்சு. இதுக்கு மேடம் சொல்லிக் குடுத்த வழி, முழு வார்த்தையையும் அடிக்கக்கூடாது, சந்தேகமே இல்லாத முதல் நாலஞ்சு எழுத்தை மட்டும் அடிச்சு பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டுடணும், மிச்சம் எப்படி இருந்தாலும் வந்து நிக்கும். கேட்டலாக்கை நடத்துற கோஹாங்கிற சாஃப்ட்வேர் ஓடுற லைப்ரரில இது வேலை செய்யும், நிறைய காலேஜ்ல இப்போ கோஹாதான்.

ஊர்ப்பேரு இன்னொரு தலைவலி. செங்கல்பட்டுன்னு எப்படி அடிச்சாலும் பழைய புத்தகம் வராது, வெள்ளைக்காரன் எழுதின சிங்கிள்புட்டுன்னு அடிக்கணும். காஞ்சிபுரத்துக்கு கான்ஜீவரம், தஞ்சாவூருக்கு டேஞ்சூர், திருநெல்வேலிக்கு டின்னவெல்லி. இதோட மாவட்டம் பிரிஞ்ச கதையும் தெரிஞ்சிருக்கணும். 1997ல செங்கல்பட்டு மாவட்டத்தை காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டாக்கினாங்க, 2019 நவம்பர்ல காஞ்சிபுரத்துலருந்து திரும்பவும் செங்கல்பட்டைப் பிரிச்சாங்க. அப்போ 2005ல வந்த ஒரு ரிப்போர்ட்ல எங்க ஊரு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ள இருக்கும், 1970ல வந்ததுல செங்கல்பட்டுக்குள்ள இருக்கும், அதே ஊரு அதே ஏரிதான். நான் ஒரு நோட்டுல பின்பக்கமா என் டாபிக்ல வர்ற ஒவ்வொரு சொல்லுக்கும் என்னென்ன ஸ்பெல்லிங், என்னென்ன பழைய பேருன்னு எழுதி வெச்சுக்கிட்டேன். என் பிஎச்டி முழுக்க அதிகமா திருப்பிப் பாத்தது அந்தப் பக்கத்தைத்தான்.

ஸ்பெல்லிங் பிரச்சினை தீர்ந்து நம்பரைக் குறிச்சுக்கிட்டு மேல ஏறினா, ஏரி பத்தின புத்தகம் ஒரே ரேக்குல இல்ல. எங்க லைப்ரரில டியூயி நம்பர், அதாவது என்ன பொருளைப் பத்தின புத்தகம்னு பாத்து நம்பர் போட்டு அடுக்குற முறை. தண்ணிய ஒரு வளமா பாத்து எழுதின புத்தகம் 333.91ல, பொருளாதாரத்தோட இருக்கு. மதகு, மிச்சத் தண்ணி வழியுற கலங்கல், கரை கட்டுறதுன்னு இன்ஜினியரிங்கா எழுதினா 627ல. விவசாயப் பாசனம்னா 631.587. தமிழ்நாட்டு வரலாறு 954.82. ஒரே ஏரியைப் பத்தி நாலு பேர் எழுதின புத்தகம் ரெண்டு மாடில நாலு மூலைல கிடக்கு. நான் வரலாற்று டிபார்ட்மென்ட்டுங்கிறதால 954ஐ மட்டும் சுத்தி வந்திருந்தா மதகு எப்படி வேலை செய்யுதுங்கிறதே எனக்குப் புரிஞ்சிருக்காது, அது புரியாம கல்வெட்டுல வர்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் சொல்றது. அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வந்துச்சு, ஒரு புத்தகத்தை எடுக்கப் போனா அதுக்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து புத்தகத்தோட முதுகைப் படிச்சுட்டுத்தான் திரும்புவேன். நான் தேடாம கிடைச்ச நல்ல புத்தகம் நிறைய இப்படி வந்ததுதான்.

ரேக்குக்கு நடுவுல நாமளே போயி கையால எடுத்துப் பாக்குற இந்த வசதி லேசுல வந்தது இல்லன்னும் மேடம்தான் சொன்னாங்க. அதுக்குப் பாடுபட்டவங்கள்ல முக்கியமானவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், பிரெசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் லைப்ரரியனா ஆனார், லண்டன் போயி படிச்சுட்டு வந்து 1931ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினார், 1933ல கோலன்னு ஒரு புது வகைப்பாட்டு முறையே உண்டாக்கினார். உலகம் முழுக்க லைப்ரரி சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு அவர் பேரு தெரியும். அவரோட நாலாவது விதி வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துங்கிறது. அதை மேடம் சொன்னப்போ, ஆறு மாசம் கழிச்சாவது அவங்களா எந்திரிச்சு வந்து என்னைக் கேட்டதுக்கு என்ன காரணம்னு எனக்குப் புரிஞ்சுச்சு.

அப்புறம் இந்த ‘புக் ரேக்குல இல்ல’ விஷயம். கேட்டலாக்ல அவைலபிள்னு காட்டும், மேல போனா இருக்காது. முன்னாடி எல்லாம் நான் திரும்பி வந்துடுவேன். இதுக்கு அக்ஸஷன் நம்பர்னு ஒண்ணு இருக்கு, ஒரு புத்தகம் லைப்ரரிக்குள்ள வந்த வரிசைப்படி குடுக்குற நம்பர், ரெண்டு காப்பி இருந்தா ரெண்டுக்கும் தனித்தனி நம்பர். தலைப்பைச் சொல்லி கவுன்டர்ல கேட்டா மேல பாருங்கன்னுதான் சொல்வாங்க, அக்ஸஷன் நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா உண்மையிலயே தேடுவாங்க, ஏன்னா அந்த நம்பரை வெச்சுதான் பைண்டிங்குக்குப் போச்சா, டிபார்ட்மென்ட் லைப்ரரிக்குப் போச்சா, யாராவது எடுத்துட்டு வேற ரேக்குல சொருகிட்டாங்களான்னு பாக்க முடியும். எங்க ஸ்டாக்ல, அதாவது ரேக்கு எல்லாம் இருக்குற மாடில, ஒரு அட்டெண்டர் அண்ணா இருந்தார், எந்த ரேக்குல யாரு என்னத்தை மாத்தி வைப்பாங்கன்னு அவருக்கு அத்துப்படி. 1879ல க்ரோல் எழுதின செங்கல்பட்டு மாவட்ட மேனுவலை நான் மூணு வாரம் தேடினேன், அவரு பத்தே நிமிஷத்துல பைண்டிங்குக்குன்னு கட்டி வெச்ச கட்டுலருந்து எடுத்துக் குடுத்தார். தாள் எல்லாம் ஓரத்துல பொடிப் பொடியா உதிருது. அந்த மாதிரி புத்தகத்தைத் தயவு செஞ்சு ஜெராக்ஸ் மெஷின்ல கவுத்து அழுத்தாதீங்க, முதுகு பிளந்துடும். அனுமதி கேட்டு, ஃப்ளாஷ் இல்லாம, பாதி மட்டும் விரிச்சு வெச்சு போன்ல படம் எடுங்க, முதல் படமா டைட்டில் பக்கத்தையும், எந்த ரேக்குல இருக்குன்னு சொல்ற கால் நம்பரையும் (call number) எடுத்துடுங்க.

இந்தக் கடைசி விஷயத்தை நான் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல எடுத்த படம் எல்லாம் போன் கேலரில கல்யாண போட்டோவோட கலந்து கிடந்துச்சு, எது எந்தப் புத்தகம்னே தெரியல, அடிக்குறிப்பு போடுற நேரத்துல ஒரே ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் தேடி ரெண்டு நாள் உக்காந்தேன். அதுக்கப்புறம்தான் ஜோட்டேரோ போட்டேன், படிச்ச புத்தகம், கட்டுரை விவரத்தைச் சேர்த்து வைக்கிற இலவச சாஃப்ட்வேர். கட்டுரையோ புத்தகமோ படிக்க எடுத்த அன்னைக்கே அதுல ஏத்திடணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அந்த அப்புறம் வராது.

வழி தெரிஞ்சு ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. 2020 மார்ச்ல லாக்டவுன். ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லி ஊருக்கு அனுப்பிட்டாங்க, லைப்ரரி பூட்டு. அப்போதான் மின்வளங்கள் பக்கம் திரும்பினேன், அதுவரைக்கும் இ-ரிசோர்ஸ்னா சயின்ஸ் பசங்களுக்குன்னு நினைச்சிருந்தேன். கேம்பஸ் நெட்ல இருந்தா ஜர்னல் தானா திறக்கும், வீட்டுலருந்து திறந்தா காசு கேக்கும், ஏன்னா ஜர்னல்காரங்க கேம்பஸோட ஐபி அட்ரஸை வெச்சுதான் நம்மள அடையாளம் கண்டுக்கிறாங்க. வெளியில இருக்குறவங்களுக்கு ரிமோட் லாகின் தனியா உண்டு. எங்க லைப்ரரில அதைப் பத்தி எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருந்தாங்க, நான் சேர்ந்தப்போ குடுத்த மெயில் ஐடி வேற, பாக்குற மெயில் ஐடி வேற, அதனால எனக்குத் தெரியவே இல்ல. மேடத்துக்கு போன் பண்ணி அதை மாத்தி லாகின் வாங்கின அன்னைக்கு ராத்திரி, ஏரிக்கரைப் பக்கம் டவர் நல்லா கிடைக்குற எடத்துல உக்காந்து விடிய விடிய டவுன்லோடு பண்ணேன். நீங்க எந்த யுனிவர்சிட்டில சேர்ந்தாலும் முதல் வாரமே லைப்ரரிக்குப் போயி ரிமோட் லாகின் கேட்டு வாங்கிடுங்க, அவசரம் வந்தப்புறம் கேக்காதீங்க.

ஆன்லைன்ல இல்லாத பழைய புத்தகத்துக்கும் வழி கிடைச்சுது. வாரத்துல ஒருநாள் ஊழியர்கள் டூட்டிக்கு வந்தாங்க, அப்போ நான் கால் நம்பர், அக்ஸஷன் நம்பர், எந்தப் பக்கத்துலருந்து எந்தப் பக்கம்னு ஒரு லிஸ்ட் அனுப்புவேன், முடிஞ்சதை ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க, ஒரு சாப்டர் அளவுக்குத்தான், முழுப் புத்தகம் கேக்கக்கூடாது. நம்பர் எல்லாம் குறிச்சு வெச்சிருந்ததாலதான் இது நடந்துச்சு, நம்பர் இல்லாம தலைப்பை மட்டும் அனுப்பின பசங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு, பாவம், ஊழியர்களும் ரெண்டு பேருதான் இருந்தாங்க.

2025 ஜனவரிலருந்து நிலைமை ரொம்பவே மாறிடுச்சு. ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு மத்திய அரசு கொண்டு வந்த திட்டத்துல 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், அரசு நடத்துற பல்கலைக்கழகம், கல்லூரி, ஆராய்ச்சி நிலையம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே சந்தா, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா. குஜராத் காந்திநகர்ல இருக்குற இன்ஃப்ளிப்நெட்ங்கிற யுஜிசி மையம் இதைப் பாத்துக்குது. எனக்கு உயிரான இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ சேஜ் பதிப்பகத்தோடது, அதும் இதுக்குள்ள வந்துடுச்சு. அப்போ நான் ஃபெல்லோஷிப் முடிஞ்சு எங்க ஊருப் பக்கம் ஒரு அரசு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருந்தேன், அந்தச் சின்ன காலேஜ்ல ஜர்னலுக்குன்னு பட்ஜெட்டே கிடையாது, அங்க உக்காந்து கேம்பிரிட்ஜ் ஜர்னல் திறக்குறப்போ எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. ஆனா உங்க காலேஜ் அதுல பதிவு பண்ணியிருக்கணும், இல்லன்னா திறக்காது. பிரின்சிபாலுக்கே தெரியாத எடமும் இருக்கு, லைப்ரரியன்கிட்ட போயி பதிவாச்சான்னு கேளுங்க.

என் ஃப்ரெண்ட் ஒருத்தி செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல வேலை பாக்குறா, அதே மாதிரி ஆராய்ச்சி, அதே மாதிரி உழைப்பு, அவளுக்கு இது கிடையாது. எனக்கு இது பெரிய மனக்குறை, தனியார் காலேஜ்ல படிக்கிற புள்ளைங்களும் நம்ம ஊரு புள்ளைங்கதானே. அவளுக்கு நான் சொன்னது, ஜேஸ்டோர்ங்கிற ஜர்னல் தளத்துல இலவசமா ஒரு கணக்கு ஆரம்பிச்சா மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம், பிரவுசர்ல அன்பேவால்ங்கிற எக்ஸ்டென்ஷன் போட்டுட்டா சட்டப்படி இலவசமா கிடைக்குற காப்பி எங்கயாவது இருந்தா காட்டிடும், அதுவும் இல்லன்னா கட்டுரை எழுதினவருக்கே ரெண்டு வரி மெயில் போடு. அவ மெயில் போட்டதுல பாதிக்கு மேல பதில் வந்துச்சு, ஒரு பேராசிரியர் கட்டுரையோட தன்னோட ஃபீல்டு நோட்டையும் சேர்த்து அனுப்பினார்.

ஒரு எச்சரிக்கை. லாகின் இருக்குன்னு மொத்தமா உருவாதீங்க. எங்க கேம்பஸ்ல ஒருத்தர் ஏதோ சாஃப்ட்வேர் வெச்சு ஒரே ராத்திரில ஒரு ஜர்னலோட எல்லா இதழையும் இறக்கப் பாத்தார், பதிப்பகம் கேம்பஸையே பிளாக் பண்ணிடுச்சு, தீசிஸ் முடிக்குற நேரத்துல இருந்த சயின்ஸ் ஸ்காலர்ஸ் எல்லாம் நாலு நாள் தவிச்சாங்க.

இவ்வளவு ஜர்னல் இருந்தும் தமிழ் ஆராய்ச்சிக்கு அது பாதி வழிதான், மிச்ச பாதி வேற எடத்துல இருக்கு. முதல்ல ஷோத்கங்காங்கிற தளம், பிஎச்டி தீசிஸை மின்வடிவுல குடுக்கணும்னு யுஜிசி 2009ல விதி கொண்டு வந்ததுலருந்து இந்தியா முழுக்க தீசிஸ் அங்க சேருது. சாப்டர் சாப்டரா தனித்தனி ஃபைலா இருக்கும், நான் எப்பவும் கடைசி ஃபைலைத்தான் முதல்ல திறப்பேன், அதுலதான் துணைநூல் பட்டியல் இருக்கும், எனக்கு முன்னாடி இதே ஏரியைத் தேடினவங்க எந்த ஆவணக் கட்டைப் பிரிச்சாங்கன்னு அதுல தெரிஞ்சுடும். அப்புறம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், பழைய தமிழ்ப் புத்தகமும் பத்திரிகையும் அவ்வளவு இருக்கு, பணம் கட்ட வேண்டாம். இலங்கைத் தமிழ் நூல், இதழ் வேணும்னா 2005லருந்து நடக்குற நூலகம் திட்டம், தன்னார்வலர்கள் சேர்ந்து உண்டாக்கினது. ஒவ்வொரு தடவை அதைத் திறக்கும்போதும் 1981ல எரிஞ்ச யாழ்ப்பாணம் நூலகம் ஞாபகம் வரும்.

இந்த ஸ்கேன் புத்தகங்கள்ல ஒரு சிக்கல், நிறைய ஃபைல் வெறும் படம்தான், உள்ள சொல்லைத் தேடினா வராது, வரலங்கிறதால இல்லன்னு நினைச்சுடாதீங்க, நான் ஓபேக்ல பண்ண அதே தப்பு. எழுத்தா மாத்தின ஃபைல்லயும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு இருக்கும், கொம்பு வளைச்ச லை, னை, பழைய றா, னா எல்லாத்தையும் கம்ப்யூட்டர் தப்பாப் படிச்சிருக்கும். பொருளடக்கத்தைக் கண்ணால பாருங்க, சொல்லடைவு இருந்தா அதையும் பாருங்க. எங்க பேட்ச்ல பார்வை இல்லாத தம்பி ஒருத்தர் இருந்தார், ஸ்க்ரீன் ரீடருக்கு இந்தப் படக் கோப்பு ஒரு எழுத்து கூடப் படிக்காது. நாங்க நாலு பேர் முறை வெச்சு அவருக்குத் தேவையான பக்கத்தை வாய்விட்டுப் படிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தோம். ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலை அது.

நம்ம லைப்ரரில இல்லாததுக்கு வெளியில போகத் தயங்காதீங்க. தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, கோட்டையூர் ரோஜா முத்தையா ஒத்த ஆளா சேர்த்த சேகரிப்பு, அவர் 1992ல இறந்ததுக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் உதவியோட சென்னைக்கு வந்து நூலகமாச்சு, அங்க நாமளா ரேக்குல எடுக்க முடியாது, சீட்டு எழுதிக் குடுத்தா கொண்டு வந்து தருவாங்க. எழும்பூர்ல கன்னிமாரா இருக்கு, 1896ல திறந்தது, 1954 சட்டப்படி இந்தியால வெளியாகுற புத்தகத்துல ஒரு காப்பி அங்க போகணும். அதே எழும்பூர்ல ஆவணக் காப்பகமும் இருக்கு, ஜாகிர்னு அப்போ சொன்ன செங்கல்பட்டுப் பகுதிக்கு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் 1799ல எழுதின அறிக்கை, 1858ல வந்த கட்டாய உழைப்புச் சட்டம், குடிமராமத்து பத்தி எழுதுறவங்க இது ரெண்டையும் தொடாம நகர முடியாது, அந்தக் காலத்துக் காகிதத்தைத் தேடி நான் போன எடம் அதுதான். இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் கைடோ ஹெச்ஓடியோ கையெழுத்து போட்ட லெட்டர், ஐடி கார்டு, ரெண்டு போட்டோ கையில வெச்சுக்கிட்டுப் போங்க. லெட்டர் இல்லாம போயி ஒருநாள் பஸ் காசும் லீவும் எனக்கு வீணாச்சு.

இப்போ உக்காந்து படிக்கிற எடத்தைப் பத்திச் சொல்லணும், எனக்கு மனசுல ரொம்ப நாளா கிடக்குற விஷயம். எங்க ரீடிங் ஹால் காலைல 8 மணிக்குத் திறந்தா எட்டரைக்கெல்லாம் நிறைஞ்சுடும். டிஎன்பிஎஸ்சி, நெட் எக்ஸாமுக்குப் படிக்கிற பசங்க சொந்தப் புத்தகத்தோட வருவாங்க, நாற்காலில ஒரு நோட்டைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. ஸ்காலர்ஸ் சில பேர் அவங்களை உள்ளயே விடக்கூடாதுன்னு மனு குடுக்கலாம்னாங்க, நான் கையெழுத்து போடல. ஒரு ரூம்ல அஞ்சு பேர் இருக்குற வீட்டுலருந்து வர்ற புள்ளைக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். கோட்டூர்புரத்துல 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்தப் புத்தகம் கொண்டு வந்து படிக்கன்னே தனி எடம் உண்டு, அதைச் சொல்லித்தான் மேடம் பேசி, எங்க லைப்ரரில கீழ சும்மா கிடந்த பழைய பீரியாடிக்கல்ஸ் ஹாலைச் சுத்தம் பண்ணி அவங்களுக்குக் குடுத்தாங்க, மேல ஸ்டாக் புத்தகத்தோட வேலை பாக்குறவங்களுக்குன்னு இருபது மேசை ஒதுக்கினாங்க. சண்டை அதோட நின்னுச்சு. ப்ளக் பாயின்ட் பக்கத்துல இடம் வேணும்னா மட்டும் இன்னும் சீக்கிரம் வரணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு பையில வெச்சுக்கிட்டா நாலு பேருக்கு உதவும்.

பொண்ணுங்களுக்கு வேற பிரச்சினை. லைப்ரரி ராத்திரி 8 மணி வரைக்கும் இருக்கு, லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஆறரைக்கெல்லாம் உள்ள வந்துடணும். 2022ல ஒருநாள் கையெழுத்து போடுறப்போ கேட் ரெஜிஸ்டரை முன்னாடி புரட்டிப் பாத்தேன், ஆறு மணிக்கு மேல உள்ள வந்த பேர்ல ஒரு பொண்ணு பேரு கூட இல்ல, பக்கம் பக்கமா புரட்டினேன், இல்ல. நாங்களும் அதே ஃபீஸ்தான் கட்டுறோம், அதே தீசிஸ்தான் எழுதுறோம், தினமும் ஒண்ணரை மணி நேரம் எங்ககிட்டருந்து போகுது, ஒரு வருஷத்துக்குக் கணக்கு போட்டா எத்தனை நாள்! வார்டன்கிட்ட வாயால கேட்டப்போ எல்லாம் பாதுகாப்புன்னு ஒரே வார்த்தைல முடிஞ்சுது. இந்தத் தடவை லைப்ரரியன்கிட்ட அனுமதி வாங்கி மூணு மாச ரெஜிஸ்டரைக் கணக்கெடுத்து, எத்தனை மணிக்கு எத்தனை ஆண், எத்தனை பெண்ணுன்னு ஒரு டேபிள் போட்டு, லைப்ரரிலருந்து ஹாஸ்டல் வரைக்கும் விளக்கு எரியாத கம்பம் எதெதுன்னும் எழுதி, பதினேழு பேர் கையெழுத்தோட ரெஜிஸ்ட்ராருக்குக் குடுத்தோம். நாலு மாசம் இழுத்துச்சு. கடைசில ரிசர்ச் ஸ்காலர்ஸுக்கு மட்டும் எட்டரைன்னு ஆச்சு, லைப்ரரி ரெஜிஸ்டர்ல வெளிய போன நேரம் இருந்தா போதும்னாங்க, விளக்கும் போட்டாங்க. பிஜி பொண்ணுங்களுக்கு அன்னைக்கு வரல, அது எங்களுக்கு வருத்தம்தான். எதையாவது மாத்தணும்னா முதல்ல ரெஜிஸ்டரைப் பாருங்க, எண்ணிக்கைக்கு முன்னாடி பாதுகாப்புங்கிற ஒத்த வார்த்தை நிக்கல.

தீசிஸ் 2025ல குடுத்தேன். நோ டியூ வாங்கப் போனப்போ மூணு வருஷத்துக்கு முன்னாடி திருப்பிக் குடுத்த ஒரு புத்தகம் இன்னும் என் பேர்லயே நிக்குது, நல்லவேளை குடுத்த அன்னைக்கு வாங்கின ரசீதைத் தேடி எடுத்தேன், இல்லன்னா விலையைக் கட்டியிருக்கணும். ரிட்டர்ன் பண்ற ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரீனை ஒரு நிமிஷம் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாத்துட்டு வாங்க.

தீசிஸோட ஹார்டு காப்பி லைப்ரரிக்குப் போயி அதுக்கும் ஒரு அக்ஸஷன் நம்பர் விழுந்துச்சு, 954.82ல வெச்சிருக்காங்க. மேடம் அதை கோஹால ஏத்துறப்போ நான் பக்கத்துல இருந்தேன். தலைப்பை ஆங்கில எழுத்துல அடிச்சாங்க, அப்புறம் 880ன்னு ஒரு ஃபீல்டு, அதுல அதே தலைப்பைத் தமிழ் எழுத்துலயே அடிக்கலாம்னு காட்டினாங்க. பழைய தமிழ்ப் புத்தகத்துக்கெல்லாம் இதைப் போட்டுட்டா யாரும் ஸ்பெல்லிங் தேட வேண்டாமேன்னு கேட்டேன், ஆள் இல்லம்மான்னாங்க. லைப்ரரியன்கிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டேன், இப்போ மாசத்துல ரெண்டு சனிக்கிழமை ஊருலருந்து போறேன், என் ஸ்டூடன்ட்ஸ் மூணு பேரும் வர்றாங்க, புத்தகத்தைக் கையில எடுத்து டைட்டில் பக்கத்தைப் பாத்துப் பாத்துத் தமிழ்ல அடிக்கிறோம், மேடம் செக் பண்ணி சேவ் பண்றாங்க. 333.91 முடிஞ்சுது, 627ல இருக்குற கொஞ்ச தமிழ்ப் புத்தகமும் முடிஞ்சுது, 894.811ன்னு தமிழ் இலக்கியம் மட்டும் ஒரு மாடி இருக்கு, அது எப்போ முடியும்னு தெரியல. போன வாரம் வாசல்ல இருக்குற அந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ்ல ‘ஏரி’ன்னு அடிச்சுப் பாத்தேன், முப்பத்தொண்ணு வந்துச்சு.